பழைய பிளேடா, புதுப் பெட்டி செட்டா, அளவெடுத்த பட்டரா? அம்மானின் கோல்ஃப் பைக்கு ஒரு கணக்கு

அம்மான் கோலாலம்பூரில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, போன தை மாதம் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் வீட்டோடு வந்து சேர்ந்தார். சாமான்களோடு ஒரு கோல்ஃப் பையும் இறங்கியது. 1980களில் வாங்கிய பிளேடு அயர்ன்கள் (மெல்லிய எஃகுத் தலைக் கிளப்புகள்), ரப்பர் இறுகிக் கல்லாகிவிட்ட கிரிப்புகள் (கைப்பிடிகள்), 35 அங்குலத்தில் ஒரு பட்டர். (பட்டர் என்பது கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கிளப்.) அம்மானுக்கு வயது 63, உயரம் ஐந்தடி நாலங்குலம், வலது முழங்கையில் பழைய வலி. பையை முகப்புத் தூணில் சாய்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதையெல்லாம் பரண்ல போட்டுட்டுப் புதுசா ஒரு பெட்டி செட் வாங்கிப்புட்டா என்ன?" என்று கேட்டார்.

வாங்கலாம்தான். ஆனால் கையில் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, இருப்பதையே வைத்துக்கொண்டு கிரிப்புகளை மட்டும் மாற்றுவது. இரண்டு, கடையில் ஒரே விலைக்குக் கிடைக்கும் முழுப் பெட்டி செட். மூன்று, ஒருவர் ஆடிவிட்டு விற்கும் நல்ல கேவிட்டி பேக் (தலையின் பின்பக்கம் குடைந்த) அயர்ன்களை வாங்கி, அதில் மிச்சமாகும் பணத்தில் பட்டரை மட்டும் உடம்புக்கு அளவெடுத்து வாங்குவது. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவது வழி, அதிலும் பட்டர்தான் முதல் செலவு. இதே நிலையில் இருக்கும் வேறு சிலருக்கும் பயன்படும் என்பதால், அந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

எங்கே ஆடப்போகிறோம் என்பது முதல் கேள்வி

செட்டிநாட்டில் கோல்ஃப் மைதானம் கிடையாது. காரைக்குடியிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கோயம்புத்தூர் செட்டிபாளையம் அதைவிடத் தூரம். சென்னை என்றால் 400 கிலோமீட்டருக்கு மேல். அம்மான் வருஷத்துக்கு ஆறு, ஏழு தடவை மைதானத்தில் கால் வைத்தாலே பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் வீடுதான். டிரைவரை (ரொம்பத் தூரம் அடிக்கும் நீளக் கிளப்) வீட்டுக்குள் வீச முடியாது. அயர்னை வேண்டுமானால் பின்கட்டுத் தோட்டத்தில் வலை கட்டி அடிக்கலாம். தினமும், மழையோ வெயிலோ, முழுதாகப் பழக முடிகிற ஒரே கிளப் பட்டர்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. "பாதி ஆட்டம் பட்டிங்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். பார் 72 மைதானத்தில், அதாவது 18 குழிகளை 72 அடியில் முடிக்க வேண்டிய மைதானத்தில், குழிக்கு இரண்டு பட் (பட்டரால் உருட்டும் அடி) என்று வைத்தால் 36 வரும், அதனால் அந்தப் பேச்சு. ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஒவ்வொரு அடியின் மதிப்பையும் கணக்கிட்டுக் காட்டியது வேறு. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடையே வரும் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூர அடிகளிலிருந்துதான் வருகிறது. பட்டிங்கின் பங்கு அதைவிட ரொம்பவே குறைவு. அவருடைய கணக்கை நான் மதிக்கிறேன். கொடைக்கானலிலேயே குடியிருக்கும் ஒருவர் கேட்டால் அயர்னை முதலில் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பள்ளத்தூரில் இருந்துகொண்டு வருஷத்துக்கு ஆறு தடவை ஆடுகிறவருக்கு அது பொருந்தாது. தினமும் கையில் இருக்கப்போகும் கிளப் தப்பான அளவில் இருந்தால், தினமும் தப்பைத்தான் பழகிக்கொண்டிருப்பார்.

ஒரு டிகிரி என்பது எவ்வளவு

குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்கு 54. பத்தடி தூரத்திலிருந்து உருட்டும்போது பட்டரின் முகம் (பந்தில் படும் பக்கம்) 1 டிகிரி திரும்பியிருந்தால், பந்து குழியை அடையும்போது 53 மில்லிமீட்டர் விலகியிருக்கும். அதாவது விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும் நிலை. கொஞ்சம் வேகம் கூடினால் சுற்றி வெளியே வந்துவிடும். ஒன்றரை டிகிரி என்றால் குழியைத் தொடவே தொடாது. உருட்டும் அடியில் பந்து கிளம்பும் திசையை முடிவு செய்வது பெரும்பாலும் முகம்தான். கை போகிற பாதையின் பங்கு சின்னது.

இந்த ஒரு டிகிரியை அளக்க எங்கள் வீட்டிலேயே கருவி இருந்தது. வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) பதித்திருப்பது 8 அங்குல ஆத்தங்குடிக் கல். 15 கல் சேர்ந்தால் 120 அங்குலம், சரியாகப் பத்தடி. ஒரு இணைப்புக் கோட்டின் மேல் பந்தை வைத்து அதே கோட்டோடு உருட்டுங்கள். பதினைந்தாவது கல்லில் பந்து கால் கல் அளவு, அதாவது 2 அங்குலம், தள்ளிப் போயிருந்தால் அது கிட்டத்தட்ட 1 டிகிரி. கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்த கல் ஆகையால் மேற்பரப்பு வழவழவென்று இருக்கும், பந்து தடுமாறாது.

ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கையால் பதித்த தரையில் இணைப்புகள் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று நம்பக்கூடாது; கொத்தனார் நூலை இழுத்துக் கட்டிக்கொள்வது நல்லது. அப்புறம், தண்ணீர் வடிவதற்காக வளவுத் தரை முற்றத்தைப் பார்த்துக் கொஞ்சம் சரிந்திருக்கலாம். அதனால் ஒரு பக்கமிருந்து பத்து, எதிர்ப்பக்கமிருந்து பத்து என்று உருட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் இடது கைப் பக்கமே போனால் கோளாறு ஆளிடம் அல்லது பட்டரிடம். திரும்பி உருட்டும்போது பக்கம் மாறினால் தரைச் சரிவு. வேகத்தை மட்டும் கல்லில் பழகவே கூடாது. அதற்கு ஒரு கெட்டி ஜமுக்காளம் விரித்துக்கொண்டோம்.

அம்மான் தன் 35 அங்குலப் பட்டரால் இருபது பந்து உருட்டினார். பதினான்கு பந்து இடப்பக்கம் கால் கல்லைத் தாண்டின, எந்தத் திசையிலிருந்து உருட்டினாலும். அந்த இடத்திலேயே முதல் வழி, அதாவது கிரிப் மட்டும் மாற்றுவது, பாதி அடிபட்டுப்போனது.

பட்டரில் எதை அளப்பது

முதலில் நீளம். பந்துக்கு மேல் குனிந்து நிற்கும்போது கண் பந்துக்கு நேர் மேலேயோ, கொஞ்சம் உள்பக்கமோ இருக்க வேண்டும். மூக்கின் மேல்தண்டிலிருந்து இன்னொரு பந்தைக் கீழே விட்டால் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். அம்மானுக்கு அது ஒரு சாண் உள்ளே, காலருகே விழுந்தது. நீளம் கூடிய பட்டருக்கு இடம் கொடுக்க அவர் பந்திலிருந்து விலகி நிற்கிறார். அந்த நிலையில் கண் கோட்டைத் தப்பாகப் பார்க்கிறது. 33 அங்குலத்தைப் பிடித்து நின்றதும் பந்து கிட்டத்தட்ட பந்தின் மேலேயே விழுந்தது.

நானும் இதே தப்பைச் செய்தவன். சில வருஷம் முன்னால் ஒரு கடையில் "எல்லாருக்கும் இதுதான் ஸ்டாண்டர்டு" என்று சொல்லி 35 அங்குல மேலட் (பெரிய தலைப் பட்டர்) ஒன்றைக் கொடுத்தார்கள். என் உயரத்தைக் கேட்கவே இல்லை. இரண்டு வருஷம் நாலடிப் பட்டைக்கூடத் தவறவிட்டுக்கொண்டு, கோளாறு என் மனசில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இதை எழுதும்போதும் அந்த இரண்டு வருஷத்துக்காக வருத்தமாகத்தான் இருக்கிறது.

நீளமான பட்டரை வெட்டிக் குறைத்தால் போதாதா என்று அம்மான் கேட்டார். நல்ல கேள்வி. வெட்டலாம். ஆனால் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) குறையும்போது தலை இலேசாகத் தோன்றும், கை அவசரப்படும். ஈயப் பட்டை ஒட்டி எடையை ஏற்றலாம். இரண்டு அங்குலம் குறைத்தால் நிறைய ஒட்ட வேண்டிவரும். 33 அங்குலத்துக்கென்றே கொஞ்சம் கனமான தலையோடு வருவதை வாங்குவது மேல்.

அடுத்தது லை கோணம், அதாவது தலை தரையில் படிந்திருக்கும்போது ஷாஃப்ட் சாய்ந்திருக்கும் கோணம். பட்டரில் லை தப்பினால் பந்து எங்கேயோ போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. லை தப்பு திசையை எவ்வளவு திருப்பும் என்பது லாஃப்ட்டைப் பொறுத்தது, அதாவது முகம் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் அளவை. பட்டரின் லாஃப்ட் 3, 4 டிகிரிதான். லை 2 டிகிரி தப்பினாலும் பத்தடியில் பந்து 7 மில்லிமீட்டர்தான் விலகும். ஆனாலும் தலையின் வெளி நுனி தூக்கிக்கொண்டு நிற்கும்போது, மேலே போட்டிருக்கும் கோடு எங்கே பார்க்கிறது என்பதில் கண் ஏமாறும். அதற்காகத்தான் பட்டரில் லையைச் சரிபார்க்க வேண்டும். இதே 2 டிகிரி அயர்னிலும் வெட்ஜிலும் (முகம் ரொம்பச் சாய்ந்த, கிட்டத்து அடிக்கான கிளப்) என்ன செய்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்; அங்கே கதையே வேறு.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி: தலையின் எடை எங்கே இருக்கிறது என்பது. பட்டரின் ஷாஃப்ட்டை ஒரு விரலில் படுக்கையாகத் தாங்கிப் பாருங்கள். சிலவற்றில் முகம் நேராகக் கூரையைப் பார்க்கும். சிலவற்றில் நுனி தரையை நோக்கித் தொங்கும். தொங்குகிற வகை, வீசும்போது தானே திறந்து மூடப் பார்க்கும்; வளைந்த பாதையில் வீசுகிற கைக்கு அது ஒத்துப்போகும். முகம் கூரையைப் பார்க்கிற வகை திரும்புவதற்குச் சோம்பும். நேராக முன்னும் பின்னும் வீசுகிறவர்களுக்கு ஒத்துப்போகும். இது பொதுவான பொருத்தம்தான், கட்டாய விதி இல்லை. மாறி ஆடி நன்றாகப் போடுகிறவர்களும் உண்டு. அதனால் உருட்டிப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது.

பட்டர் இந்த அளவுக்கு யோசிக்கப்பட்ட பொருளாக மாறியதற்கு ஒரு பொறியாளர் முக்கியக் காரணம். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் எடையைத் தலையின் இரு கோடிகளுக்கும் தள்ளி ஒரு பட்டர் செய்தார். பந்தில் படும்போது அது எழுப்பிய 'பிங்' சத்தமே கம்பெனிக்குப் பெயரானது. 1966இல் வந்த அவருடைய ஆன்சர் பட்டரின் வடிவம்தான் இன்றைக்கும் பாதிக் கடைகளில் வெவ்வேறு பெயரில் தொங்குகிறது. கோடிகளில் எடை இருந்தால், பந்து நடுவில் படாமல் நுனியில் பட்டாலும் தலை கையில் திருகாது. தூரமும் அதிகம் குறையாது. மேலட் என்னும் பெரிய தலைகள் இதே கருத்தை இன்னும் நீட்டியவை. 1986இல் ஜாக் நிக்லஸ் 46 வயதில் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றபோது அவர் கையில் இருந்ததும், அந்தக் காலத்துக்கு விநோதமாகத் தெரிந்த ஒரு பெரிய தலைப் பட்டர்.

இப்போது ஸீரோ டார்க் என்று ஒரு வகை வந்திருக்கிறது. ஷாஃப்ட்டின் அச்சைச் சுற்றி முகம் தானாகத் திரும்பவே பார்க்காதபடி எடையைச் சமன் செய்தது. 2025 யு.எஸ். ஓபனை ஜே.ஜே. ஸ்பான் வென்றது இந்த வகைப் பட்டரோடுதான். நண்பர் ஒருவருடையதை வாங்கி உருட்டிப் பார்த்தேன். முகம் அமைதியாக இருப்பது உண்மை. விலை அதிகம், தூரத்தை உணர்வதற்கு நாள் பிடிக்கிறது. அம்மானுக்கு அது வேண்டாம் என்றேன். முதலில் நீளம் சரியாகட்டும்.

அம்மானின் வீச்சு மெல்லிய வளைவு. அதனால் நுனி பாதியளவு தொங்குகிற ஒரு நடுத்தர மேலட், 33 அங்குலம், கொஞ்சம் தடித்த கிரிப். தடித்த கிரிப் மணிக்கட்டை அடக்கும், முழங்கை வலிக்கும் இதம். லாஃப்ட் 4 டிகிரி. நம் பக்கத்து கிரீன்களில் புல் கொஞ்சம் உயரமாக இருக்கும் நாட்கள் உண்டு. பந்து புல்லில் அமிழ்ந்து கிடக்கும். அதைத் தூக்கி உருளவிட அந்த லாஃப்ட் வேண்டும்.

அயர்ன்கள்: பிளேடின் அழகும் கேவிட்டியின் மன்னிப்பும்

அம்மானின் பழைய பிளேடுகள் அழகானவை, இதை மனசாரச் சொல்கிறேன். மெல்லிய மேல்விளிம்பு, காய்ச்சி அடித்த எஃகு, நடுவில் பட்டால் கையில் ஒன்றுமே தெரியாத சுகம். நடுவில் பட்டால் மட்டும். பிளேடில் எடை முழுவதும் நடுவில் குவிந்திருக்கிறது. அரை அங்குலம் தள்ளிப் பட்டாலே தலை திருகும், தூரம் குறையும், திசையும் போகும். கேவிட்டி பேக்கில் பின்பக்கத்தைக் குடைந்து அந்த எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருக்கிறார்கள். சோல்ஹைம் பட்டரில் செய்ததேதான் அயர்னிலும். பந்தை வளைத்து ஆடும் வித்தைக்காரருக்குப் பிளேடு கொடுக்கும் நுணுக்கம் கொஞ்சம் குறையலாம். வருஷத்துக்கு ஆறு தடவை ஆடுகிறவருக்கு அந்த நுணுக்கம் தேவைப்படாது.

இதை நம்ப வைக்க வாய்ப்பேச்சு போதவில்லை. 7 அயர்னின் முகத்தில் டால்கம் பவுடரைத் தூவி, தோட்டத்து வலையில் பத்துப் பந்து அடிக்கச் சொன்னேன். பத்து அடியின் தடமும் முகத்தில் பதிந்தது. நடுவில் இருந்தவை மூன்று. மற்றவை நுனிப்பக்கம் சிதறியிருந்தன. அம்மான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இது இனி எனக்கு வேண்டாம்" என்றார். 40 வருஷம் கூட இருந்த செட்டைப் பற்றி அப்படிச் சொல்வது அவருக்கு லேசாக இருந்திருக்காது.

இப்போது லை. 7 அயர்னின் லாஃப்ட் 33 டிகிரி என்று வைப்போம். உயரம் குறைந்தவர் ஸ்டாண்டர்டு கிளப்பைப் பிடித்தால் பெரும்பாலும் நுனி தூக்கும். வலது கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். 2 டிகிரி தப்பு என்றால் 130 மீட்டரில் ஏறக்குறைய 3 மீட்டர் விலகல். 56 டிகிரி வெட்ஜில் அதே 2 டிகிரி, வெறும் 70 மீட்டர் அடியிலேயே மூன்றரை மீட்டருக்கு மேல் இழுத்துவிடும். பட்டரில் 7 மில்லிமீட்டராக இருந்த தப்பு இங்கே மூன்றரை மீட்டர். அதனால் லைக்காகக் காசு செலவழிக்க வேண்டிய இடம் வெட்ஜும் குட்டை அயர்ன்களும். பார்ப்பதும் சுலபம். பந்தில் ஸ்கெட்ச் பேனாவால் நேர்க்கோடு போட்டு, கோடு முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு செங்குத்தாக இருந்தால் சரி, சாய்ந்திருந்தால் லை சரியில்லை.

பழையது வாங்கும்போது இது பெரிய உதவி. காய்ச்சி அடித்த தலைகளை இரண்டு, மூன்று டிகிரி வளைக்கலாம். வார்ப்புத் தலைகள் கடினம், அதிகம் வளைத்தால் உடையும். அதனால் வார்ப்பு என்றால் தேவையான லையிலேயே தேடி வாங்குங்கள். பிங் கம்பெனி அயர்ன்களில் தலையில் இருக்கும் வண்ணப் புள்ளியே சொல்லிவிடும்: கறுப்பு ஸ்டாண்டர்டு, சிவப்பு அதைவிடச் சாய்வு, நீலம் அதைவிட நிமிர்வு. அம்மானுக்குச் சிவப்புப் புள்ளி செட் ஒன்று கிடைத்தது. முலாம் உரிந்த தலைகளை மட்டும் வாங்காதீர்கள். நிக்கல் குரோம் பூச்சு ஒரு இடத்தில் விட்டாலும் உள்ளே இருக்கும் எஃகு துருப்பிடிக்கும். மின்முலாம், அரிப்பு இதெல்லாம் ஆராய்ச்சி செய்ய 1953இலிருந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே காரைக்குடியில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஷாஃப்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: முழங்கை வலி இருப்பதால் கிராஃபைட். எஃகு ஷாஃப்ட் பெரும்பாலும் 100 கிராமைத் தாண்டும். கிராஃபைட் 60, 70 கிராமில் கிடைக்கும், அதிர்வையும் உறிஞ்சும்.

பெட்டி செட்டை ஏன் விட்டோம்

பெட்டி செட் மோசமானது இல்லை. ஐந்தடி ஒன்பது, பத்து உயரத்தில் இப்போதுதான் ஆரம்பிக்கிற இளைஞருக்கு அதுவே போதும். டிரைவரிலிருந்து பட்டர் வரை ஒரே பையில், கேவிட்டி பேக் அயர்ன்களோடு வந்துவிடும். ஆனால் அதில் எல்லாமே ஸ்டாண்டர்டு அளவு. அதில் வரும் பட்டரில்தான் கம்பெனி மிகக் குறைவாகச் செலவழித்திருக்கும். அம்மானுக்கு மிக அதிகமாகத் தேவைப்படுவதும் அந்தப் பட்டர்தான். அதை வாங்கி, பட்டரை ஒதுக்கி, அயர்ன்களை வளைக்கக் கொடுத்து, அப்புறம் தனியாக ஒரு பட்டர் வாங்கினால் இரண்டு செலவு. பேரேட்டில் பற்று எழுதியே பழகிய குடும்பம். இது அவருக்கு உடனே புரிந்தது. டிரைவரை இப்போதைக்குத் தொடவில்லை. பழையதே இருக்கட்டும்.

புதுப் பட்டர் வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு அம்மான் நூலைக் கட்டுகிறார், அந்தப் பக்கமிருந்து பத்து, இந்தப் பக்கமிருந்து பத்து. நேற்று இருபதில் பன்னிரண்டு கால் கல்லுக்குள் நின்றன. வலப்பக்கம் தப்பிய நாலும் நுனியில் பட்டவை. அது பழக்கத்தில் சரியாகும் என்று நினைக்கிறேன். வெட்ஜின் லையை இன்னும் பார்க்கவில்லை. வைகாசியில் கொடைக்கானல் போகும்போது அதை முதலில் பார்க்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் காற்று இலேசு, பந்து கூடுதலாகப் பறக்கும். அங்கே 7 அயர்ன் தூரத்துக்கு, கீழே அதைவிடக் கொஞ்சம் குறைவாகப் போகும் 8 அயர்னை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.